‘போல’ இல்லாத உவமை: மாஷாலை எப்படி ரசிப்பது?

தமிழ் விவிலியத்தில் ‘நீதிமொழிகள்’ என்று நாம் படிக்கும் நூலுக்கு எபிரேயத்தில் ‘மிஷ்லே’ என்று பெயர். ‘மாஷால்’ என்ற சொல்லின் பன்மை அது. நீதி என்றதும் பலர் கைகட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். மாஷாலில் நீதி பிறகுதான்; முதலில் ஒப்புமை. பழமொழி, உருவகக் கதை, குறிசொல்லி பிலேயாமின் வாக்கு, வீழ்ந்த பாபிலோன் ராஜாவை ஏசாயா எள்ளிப் பாடும் பாட்டு எல்லாமே மாஷால்தான். ஊர் சிரிக்கக் கெட்டுப்போனவனும் ஒரு மாஷால்!

11-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் எட்டே சொற்கள். முதல் நான்கில் ஒரு பன்றி, அதன் மூக்கில் பொன் வளையம். அடுத்த நான்கில் ஓர் அழகி, விவேகம் கெட்டவள். நடுவே ‘போல’ கிடையாது. நம் அணியிலக்கணத்தில் எடுத்துக்காட்டு உவமை என்போமே, அந்த இனம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெண்ணை முன்னால் கொண்டுவந்து, ‘சமானம்’ என்றும் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மூலத்தின் குறும்பே பன்றியைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் பெண் வந்து நிற்பதில்தான். விவேகத்துக்கு அங்கே இருக்கும் ‘தாஅம்’ என்ற சொல்லுக்கு ருசி என்றும் பொருள் உண்டு. (பெண்ணை மட்டும் இடிப்பானேன் என்று கேட்டால், இது மகனைக் கூப்பிட்டுப் பேசுகிற நூல்.)

ஆகவே முதல் பாதியோடு நிறுத்துங்கள். அந்தக் காட்சி கண்ணில் விழட்டும். பிறகு மறுபாதிக்குப் போங்கள். 10-ஆம் அதிகாரம் முதல் 22-ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி வரை இப்படி 375 ஈரடிகள். இவற்றைச் சொன்னதாகக் கருதப்படும் சாலொமோன் ராஜாவின் பெயரிலுள்ள எபிரேய எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டினாலும் அதே 375. ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். நாளுக்கு இரண்டு மூன்று போதும்.

26-ஆம் அதிகாரத்தில் மட்டும் ஜோடியாகப் படியுங்கள். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது 4-ஆம் வசனம். சொல் என்கிறது 5. இந்த முரணுக்காக அறிஞர்கள் நூலையே ஒதுக்கிவைக்க நினைத்தார்கள் என்கிறது யூதர்களின் விளக்க நூலான தல்மூத். ஒன்று வேத விஷயத்துக்கு, மற்றது உலக விஷயத்துக்கு என்று பிறகு சமாதானம் சொன்னார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை. இரண்டுமே சரியாக இருக்கும் நாட்கள் உண்டு.

அதே பக்கத்தில் 9-ஆம் வசனம் மாஷாலையே வம்புக்கு இழுக்கிறது: மூடன் வாயில் மாஷால், குடிகாரன் கையில் முள். முள் குத்துவது அவனையா, எதிரே நிற்பவனையா? உரையாசிரியர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.