பாலர் கதைகளின் படித்தரம்

ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே அமைந்த சந்தாபுராவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், தொழிற்பேட்டைகளில் ஜீவனம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், வித்தியாசாலையில் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் எழுத்தாகவும், வீட்டிலே தமிழை ஒலியாகவும் மட்டுமே அறிந்து வளருகிறார்கள். அத்தகைய பிள்ளையொன்று தமிழ்க் கதையைத் தானே வாசிக்க ஆசைப்பட்டால் முதலில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்ற சாமானியமான கேள்விக்கு விடை தேடுவதே படித்தரக் கதைகள் என்னும் துறை.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. இரண்டு மூன்று சொற்களில் முடியும் ஆத்திசூடியில் தொடங்கி, சற்றே நீண்ட வரிகளையுடைய கொன்றை வேந்தனுக்கு ஏற்றி, பிறகு மூதுரையின் வெண்பாக்களில் கொண்டுபோய் நிறுத்திய திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்கள், படித்தரம் என்ற பெயரைக் கேளாமலே அதன் சூட்சுமத்தை அறிந்திருந்தார்கள். ஆனால் அவை நீதிகள், கதைகள் அல்ல. 1947-இல் அம்புலிமாமாவும், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் தோன்றி, அழ. வள்ளியப்பா முதலானோர் பாலர் இலக்கியத்தை வளர்த்த காலத்திலே கதைகளுக்குப் பஞ்சமில்லை. எனினும் அவை ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளையை உத்தேசித்தவை.

மேல்நாட்டிலோ, 1957-இல் டாக்டர் சூஸ் வெறும் 236 வெவ்வேறு சொற்களைக் கொண்டே ‘தி கேட் இன் தி ஹேட்’ என்னும் கதையை எழுதி, குறைந்த சொல்லிலும் ரசம் குன்றாது என்று நிரூபித்தார். நம் நாட்டில் இம்முயற்சி விரிவாக நடைபெறுவது, சந்தாபுராவுக்கு அயலிலுள்ள பெங்களூரிலேதான். 2004-இல் அங்கே நிறுவப்பட்ட பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பர் 8-ஆம் தேதி, உலக எழுத்தறிவு தினத்தன்று, ஸ்டோரிவீவர் என்னும் மின்நூலகத்தைத் திறந்தது. 250 சொற்கள் வரை முதற்படி, 600 வரை இரண்டாம் படி, 1500 வரை மூன்றாம் படி, அதற்குமேல் நான்காம் படி என்பது அவர்கள் வகுத்த ஏணி. எவரும் இலவசமாக எடுத்து அச்சிடவும் மொழிபெயர்க்கவும் உரிமை தந்திருப்பது, எந்தப் புகழுரைக்கும் தகுதியான காரியம்.

ஆயினும் சொற்களை எண்ணுவது தமிழுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘ஓடினான்’ என்பதும் ஒரு சொல். ‘ஓடிக்கொண்டிருந்தவனுக்கு’ என்பதும் கணக்கிலே ஒரு சொல்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பின்னது ஒரு மலை. மெய்யெழுத்துக்கு முன்னே எழுதிப் பின்னே உச்சரிக்கும் கொம்பும், இருபுறமும் நிற்கும் ஒகர ஓகாரக் குறிகளும், சந்தியால் ஒட்டிக்கொண்ட வல்லெழுத்துகளும் எந்தச் சொற்கணக்கிலும் ஏறுவதில்லை. இவை எல்லாவற்றிலும் கடினமானது பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம். ‘போயிட்டான்’ என்றே கேட்டு வளர்ந்த சந்தாபுராப் பிள்ளை ‘போய்விட்டான்’ என்பதைக் காணும்போது, எழுத்துகளை வாசித்துவிட்டு அர்த்தத்துக்காகக் காத்து நிற்கிறது. முதற்படிக் கதைகளில் பாத்திரங்களின் சம்பாஷணையையாவது பேச்சுத் தமிழில் அமைப்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம். இலக்கண சுத்தம் மூன்றாம் படி வரை பொறுத்திருக்கலாம்.

தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகைப்படுத்தியது. மறு வருஷத்து வாசிப்பு இயக்கமோ புத்தகங்களையே நுழை, நட, ஓடு, பற என்று பிரித்தது. இரண்டாவதே எனக்கு உவப்பானது. படித்தரம் புத்தகத்தின் அட்டையில் இருக்கவேண்டுமேயன்றிக் குழந்தையின் நெற்றியில் ஒட்டப்படலாகாது. ‘நட’ வரிசையில் இருப்பவன் படத்துக்காக ஆசைப்பட்டு ‘பற’ வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், அதைப் பிடுங்கும் ஆசிரியர் வாசிப்பின் சத்துரு.

ஆகவே பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தமிழ்க் கதைக்குப் படி குறிக்குமுன், சொற்களோடு, சொல்லொன்றின் எழுத்துகளையும் எண்ணுங்கள், பிரசுரத்துக்கு முன்னரே கைப்பிரதியைச் சந்தாபுரா போன்ற ஊர்களின் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லி, அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்திய பின்னரே அட்டையில் எண்ணைப் பொறியுங்கள்.