'ஐன்' என்னும் அரபுச் சொல்லும் ஊற்றுக்கண்ணும்

அரபு மொழியில் 'ஐன்' என்னும் சொல் கண்ணையும் ஊற்றையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் 'ஊற்றுக்கண்' என்னும் வழக்கு இருப்பதால், இரு மொழிகளும் ஒரே உருவகத்தைக் கையாளுகின்றன என்றும், எனவே 'ஐன்' என்பதை 'ஊற்றுக்கண்' எனப் பெயர்ப்பதே பொருத்தம் என்றும் கருதுவர் சிலர். இவ்வொப்புமை மேலோட்டமானது.

இப்பொருள் உறவு அரபுக்கு மட்டும் உரியதன்று; செமித்தியக் குடும்பத்தில் தொன்மையானது. அக்காதியத்தின் 'ஈனு', எபிரேயத்தின் 'அயின்' ஆகியனவும் இவ்விரு பொருள்களும் உடையன. விவிலியத்தில் வரும் 'என்கேதி' என்னும் இடப்பெயரின் முற்பகுதி இச்சொல்லே. கழக்கூட்டத்தில், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் நாவில் வெறும் ஊர்ப்பெயராக வழங்கும் 'அல்-ஐன்' என்பதும் இதுவே.

பாரசீகத்தில் 'சஷ்ம்' என்பது கண். 'சஷ்மா' என்பது ஊற்று. அங்கு ஊற்றைக் குறிக்க ஈறு ஒன்று தேவைப்படுகிறது. (உருதுவிலும் இந்தியிலும் இச்சொல் மூக்குக்கண்ணாடியையும் குறிப்பது சுவையான விளைவு.) அரபிலோ ஈறும் அடைமொழியும் இன்றியே 'ஐன்' நீரைச் சுட்டுகிறது. பொருள் மயக்கத்தைப் பன்மை வடிவம் ஓரளவு நீக்குகிறது: குர்ஆனில் 'உயூன்' ஊற்றுகளுக்கும் 'அஃயுன்' கண்களுக்கும் வழங்குகின்றன.

தமிழின் நிலை வேறு. வலைக்கண், சல்லடைக்கண், தேங்காயின் கண் என்பவற்றில் 'கண்' துளையையோ துளை போன்ற வடிவையோ குறிக்கிறது. நீர் என்னும் பொருள் அதில் இல்லை. ஆகவே ஊற்றுக்கண் என்பது நீர் சுரக்கும் வாயேயன்றி ஊற்று அன்று. ஊற்றுக்கண் திறக்கும், அடைபடும். ஊற்றில் நீராடலாம், ஊற்றுக்கண்ணில் நீராடுதல் இயலாது. குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் நல்லோர் பருகுவதாகச் சொல்லப்படும் 'ஐன்' என்பதற்கு 'ஊற்று' என்பதே நேரிய சொல். 'சுனை' அழகிய சொல்லேயெனினும் மலைச்சாரலை நினைவூட்டுவது. பாலைநிலத்து நீருக்கு ஒட்டாது.

மற்றொரு குழப்பம் 'நீரூற்று' என்பதால் நேர்வது. பொறியால் மேலெழும் நீரை அரபு 'நாஃபூரா' என்றும் 'ஃபவ்வாரா' என்றும் வழங்கும். பின்னது கொதித்தெழுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது; பாரசீகம் வழியே வட இந்திய மொழிகளிலும் புகுந்தது. மலையாளம் இயற்கையானதை 'உறவ' என்றும் செயற்கையானதை 'ஜலதாரா' என்றும் பிரித்து வழங்குகிறது. நாமோ மலையடிவாரத்தில் கசிவதையும் பூங்காவில் மின்விசையால் பீறிடுவதையும் 'நீரூற்று' என்றே எழுதுகிறோம். பின்னதற்கு 'நீர்த்தாரை' என்பதை வரையறுத்துக்கொள்ளலாம். புதிதாக ஆக்க வேண்டிய சொல்லும் அன்று அது.

'ஊற்றுக்கண்' பயனற்றுப் போகவில்லை. நீர் தோன்றும் வாயைத் தனித்துச் சுட்ட, அரபு 'ரஃஸுல் ஐன்', அதாவது 'ஊற்றின் தலை' என்று மற்றொரு சொல்லைச் சேர்க்கிறது. சிரியாவில் இப்பெயருடைய நகரமும் உண்டு. நம் ஊற்றுக்கண்ணுக்கு நேரானது அத்தொடரே.