வாச்சாத்தித் தீர்ப்பை வாசித்தல்

கடத்தூர்க்காரர்களுக்கு வாச்சாத்தி பக்கத்து ஊர். ஆனாலும் இங்குள்ள மாணவிகளோடு அதைப் பேசும்போது வழக்கு ஒரு வெற்றிக்கதையாகச் சுருங்கிவிடுவதைப் பார்க்கிறேன்: அநியாயம் நடந்தது, போராடினார்கள், நீதி கிடைத்தது. முப்பத்தொரு ஆண்டுகளை மூன்று வாக்கியத்தில் அடக்கிவிடுகிற இந்தச் சொல்முறையோடுதான் எனக்குச் சண்டை.

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களை ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பிறகு அந்தப் பெண்களையே சந்தனக் கடத்தல் வழக்கில் சேலம் சிறையில் அடைத்தார்கள். குற்றம் செய்தவர்களிடமே எஃப்.ஐ.ஆர். எழுதும் பேனாவும் இருந்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். வல்லுறவுக் குற்றத்துக்காக 17 பேருக்குத் தண்டனை: 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு.

இந்தப் பத்தும் ஏழும் எங்கிருந்து வந்தன? 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள் வல்லுறவுக்கு ஆளானாள். உடலில் காயமில்லை, ஆகவே சம்மதம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. மறு ஆண்டு லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருந்தியது. வல்லுறவுக்குக் குறைந்தது ஏழாண்டு, அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசு ஊழியர் செய்தால் குறைந்தது பத்தாண்டு. அத்தகைய வழக்குகளில், சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை நம்பியே தொடங்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்தது. ஓர் ஆதிவாசிப் பெண் தோற்ற வழக்கிலிருந்து பிறந்த சட்டம் இன்னொரு மலைக்கிராமத்துப் பெண்களுக்கு உதவியது. ஆனால் தண்டனைகள் அந்தச் சட்டம் விதித்த குறைந்தபட்சத்தோடு நின்றுகொண்டன என்பதையும் வாசிக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே நேரில் போனார். 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, தண்டனைகளை உறுதி செய்தார். பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், வேலைவாய்ப்பு தர வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். இதை நான் மெச்சுகிறேன். என் குறை வேறு. மேலிருந்தவர்களின் பொறுப்பு ஏன் கடைசிப் பக்கத்து உத்தரவாக வருகிறது? முதல் குற்றப்பத்திரிகையில் அது இருந்திருக்க வேண்டும். கூண்டில் நின்ற 269 பேரில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் இல்லை.

மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் போனால் இந்த அரைகுறை நீதிகூட இல்லை. வீரப்பன் தேடுதலில் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் மாதேஸ்வரன் மலை முகாமில் வைத்திருந்த ஆண்களையும் பெண்களையும் பற்றி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. பணம் வந்தது, தண்டனை வரவில்லை. எந்த மாநிலத்துப் போலீஸ், எந்த மாநிலத்துக் காடு, யார் மீது புகார் என்ற கேள்விகளுக்குள் குற்றவாளி காணாமல் போனார். அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை நம்மில் பலர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகத்தான் அறிந்தோம். நீதிமன்ற ஆவணத்தில் இருக்க வேண்டியது நாவலில் இருக்கிறது.

வாச்சாத்தியில் மட்டும் வழக்கு ஏன் நின்றது? மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்தின. 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. இவை முக்கியம். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, கைப்பிள்ளையோடு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போய், அதே சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள். ஆவணங்களில் அவர்களுக்குப் பெயர் ‘பாதிக்கப்பட்டவர்’. வழக்கை நடத்தியவர் என்பதற்கு அங்கே சொல்லே இல்லை.