சுவர் பிடித்தவர்கள்

1970 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், மெக்சிக வம்சாவளி மக்கள் ஒரு பாலத்தடியை மறித்து நின்றார்கள். பூங்காவுக்கென்று அவர்கள் நம்பியிருந்த இடத்தில் நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டப் புல்டோசர் இறங்கியிருந்தது. போராட்டத்துக்குப் பின் இடம் கைக்கு வந்தது. 1973 முதல் பாலத்தின் தூண்களில் ஓவியங்கள் ஏறின. சிக்கானோ எனப்படும் இம்மக்களின் சுவரோவிய மரபின் தலைவாசல்களில் அது ஒன்று. அங்கே முதலில் இடம், பிறகுதான் படம். மதுரைச் சுவர்களையும், அவற்றைச் சுற்றி நடந்திருக்கும் ஆய்வுகளையும் இந்த வரிசையை மனத்தில் கொண்டு படித்தால் சில விஷயங்கள் துலங்கும்.

மதுரையில் சுவரில் தன்னை வரைந்துகொள்ளும் உரிமை நெடுங்காலம் அரசர்களிடம் இருந்தது. மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தில் உள்ள திருக்கல்யாண ஓவியத்தில் நாயக்க அரசி ராணி மங்கம்மாளும் இடம்பெற்றிருக்கிறார். கலை வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதியிருப்பது இந்த நாயக்கர் கால ஓவியங்களைப் பற்றித்தான்.

கட்சி அரசியல் வந்தபின் தெருச் சுவர் பொதுமக்களின் ஏடானது. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் அந்தச் சுவரைப் பிடித்தாயிற்று. பிறகு ஓவியர் வருவார். நீலப்பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார். எழுத்துக்கு வெளிக்கோடு இழுத்து நிறம் நிரப்பி, கடைசியில் நிழல் கொடுப்பார். தலைவர் முகம் என்றால் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கிக்கொள்வார். கீழ் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். ஆய்வுலகம் இந்தக் கைகளைச் சினிமா வழியாகத்தான் கண்டுகொண்டது. பிரமிந்தா ஜேக்கப் 2009இல் வெளியிட்ட நூல் சென்னையின் பேனர், கட்அவுட் ஓவியர்களைப் பற்றியது. ரூஸ் கெரிட்சன் 2019இல் ரசிகர் மன்றங்களின் பட அரசியலை எழுதினார். இரண்டிலும் நாயகரின் முகமே மையம்.

சிக்கானோ மரபுக்கு நெருங்கிய உறவு வேறு திசையில் இருக்கிறது. 1990இல் மதுரையில் திருமாவளவன் தலைமையேற்ற தலித் இயக்கம் நீலமும் சிவப்பும் நடுவே வெள்ளை விண்மீனுமாகக் கொடி கண்டது. 'அடங்க மறு' என்ற முழக்கமும் அம்பேத்கரின் கோட் அணிந்த உருவமும் சேரிச் சுவர்களுக்கு வந்தன. ஆய்வாளர் ஹியூகோ காரிஞ்ச் 1990களின் இறுதியில் மதுரையில் தங்கி இவ்வியக்கத்தை ஆராய்ந்தார். 2005இல் வந்த அவரது நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படை. அவர் தங்கியிருந்த காலத்தை ஒட்டித்தான், 1997இல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் வென்ற தலித் தலைவரே நாற்காலியில் உட்கார முடியாத வட்டாரத்தில், தன் தலைவரின் முகத்தைத் தெரு முகப்பில் வரைவது இடம் கேட்பதுதான்.

ஆனால் அதே வண்ணம் இங்கே வேலியாகவும் மாறும். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தலைவர், ஒரு நிறச் சேர்க்கை. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிறு வரை அது இறங்கியிருக்கிறது. காரிஞ்சும் கார்த்திகேயன் தாமோதரனும் 2017இல் 'மதுரை ஃபார்முலா' எனப்படும் திரைப்படங்களைப் பற்றி எழுதிய கட்டுரை, சாதிப் பெருமிதம் திரையில் எப்படி ஊரின் அடையாளமாக்கப்படுகிறது என்று காட்டியது. தெருச் சுவருக்கு அப்படியொரு ஆய்வு தேவைப்படுகிறது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலோ, படம் ஏதும் இல்லாமல் சுவரே செய்தியாக நின்றது. 1989இல் எழுந்து தலித்துகளின் வழியை அடைத்த அந்தச் சுவரின் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் 2008 மே 6 அன்று இடித்தது. எதிர்த்த சாதி இந்துக்கள் ஊரைவிட்டே வெளியேறிப் போராடினார்கள். பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) திரைப்படம் ஒரு தலைவரின் படம் வரைந்த சுவரையே கதையின் மையமாக வைத்தபோது தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதற்கிடையே 2000களில் ஃபிளெக்ஸ் வந்து ஓவியர்களின் பிழைப்பைப் பறித்தது. திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் தேர்தல் ஆணையத்தின் கெடுபிடியும் நகரச் சுவர்களைக் காலி செய்தன. காலியான இடத்தில் அரசே வரையத் தொடங்கியது. 2010ஐ ஒட்டிச் சென்னை அண்ணா சாலையில் பேனர் ஓவியர்களைக் கொண்டே கோயில்களும் நடனங்களும் வரையப்பட்டன. தொழில் தெரிந்த கைகளுக்கு வேலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் படங்களில் யாருடைய கோரிக்கையும் இல்லை.

ஆகவே 'அடையாளத்தின் கலை' என்று பொதுவாகப் பாராட்டுவது மதுரைக்குப் போதாது. சுவர் யாருடையது, யாரிடம் கேட்டு வரைந்தார்கள், காசு கொடுத்தது யார், படம் எந்தத் தெருவைப் பார்த்து நிற்கிறது என்று ஒவ்வொரு படத்திடமும் கேட்டாக வேண்டும். சேரிக்குள் உரிமையாக நிற்கும் முகம், பொதுவழியில் எல்லைக்கல்லாகும் இடத்தை இந்தக் கேள்விகள்தான் காட்டிக்கொடுக்கும். பதில் தெரிந்தவர்கள் மூலையில் பெயர் எழுதிய ஓவியர்கள். எல்லாக் கட்சிக்கும் எல்லாச் சாதிக்கும் வரைந்த அவர்களை, தூரிகையைக் கீழே வைத்துவிட்ட இந்த நேரத்திலாவது தேடிப் போய்ப் பேச வைப்பதே அடுத்த ஆய்வாளரின் முதல் வேலை.