பிரித்த தையல்

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்வெட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. பேரனுக்காக என் மனைவி பின்னியது. முதுகும் மார்பும் முடிந்து, வலது கை ஏழு அங்குலம் வளர்ந்திருந்த சமயம். ஒருநாள் மாலை அவள் அதை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்க ஆரம்பித்துவிட்டாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு கண்ணி கூட்டவேண்டிய வரிசையில் கூட்டாமல் விட்டுவிட்டாளாம்.

"யார் பார்க்கப்போகிறார்கள்? குழந்தை உட்கார்ந்து கண்ணியை எண்ணப்போகிறானா?" என்றேன்.

"நீங்கள் எழுதினதைக் கிழித்துக் கிழித்துப் போட்டால் அதற்குக் கலை என்று பேர். நான் பிரித்தால் பைத்தியமா?" என்றாள்.

எனக்குப் பதில் அகப்படவில்லை. ஒரு வாரத்து வேலை பத்து நிமிஷத்தில் பழையபடி நூலுருண்டை ஆகிவிட்டது. பின்னலின் சௌகரியமும் கொடுமையும் இதுதான். துணி முழுவதும் ஒரே நூல். நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், எல்லாம் வந்துவிடும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதைகளில் பின்னுகிற, தைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். பிரிக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட ஒரு கை அதிகமாக இருந்தது.

நம் பத்திரிகைக் கதைகளில் ஒரு காலத்தில் கதாநாயகி என்றால் தலையணை உறையில் ரோஜாப்பூப் போட்டாகவேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த உறையை எடுத்துக் காட்டுவார்கள். கலியாணம் ஆனபிறகு கைக்குட்டையில் புருஷன் பெயரின் முதலெழுத்தைப் போடுவாள். புருஷன் பிரிந்து போனால் அந்தக் கைக்குட்டையில் கண்ணீர் விழும். எனக்கு அந்தக் கண்ணீரில் ஆட்சேபம் இல்லை. அந்தப் பெண்ணின் நூல் ஒரு தடவைகூடச் சிக்கு விழுவதில்லையே, ஊசி ஒரு தடவைகூட விரலில் ஏறுவதில்லையே என்பதுதான் என் குறை. பூ வேலை அவளுடைய நல்ல குணத்துக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம், அவ்வளவுதான். எழுதியவர் துணியின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தவர். முடிச்சும் முனையுமாக இருக்கிற அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதவர்.

இந்தக் குறை நம்முடையது மட்டும் அல்ல. டிக்கன்ஸ் 1859-ல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யில் வரும் மதுக்கடைக்காரி மேடம் தெஃபார்ஜைப் படித்தவர்கள் மறக்க முடியாது. புரட்சி வரும்போது சாகவேண்டியவர்களின் பெயர்களையெல்லாம் தனக்கு மட்டுமே புரிகிற குறிகளாகப் பின்னலில் ஏற்றி வைக்கிறவள். மகத்தான கற்பனை. ஆனால் ஒரு நாளும் அவள் கைக்கு ஒரு கண்ணி நழுவுவதில்லை. நழுவினால் ஒரு பிரபுவின் தலை தப்பியிருக்குமே! டிக்கன்ஸுக்குப் பின்னல் வேலை தேவைப்படவில்லை. விதிக்கு இரண்டு கைகள் தேவைப்பட்டன. ஹோமரின் பெனலப்பி பிரிக்கிறாள், உண்மைதான். மாமனாருக்கான சவத்துணியைப் பகலில் நெய்து இரவில் பிரித்து, தன்னை மணக்க வந்து முற்றுகையிட்டவர்களை மூன்று வருஷம் ஏமாற்றுகிறாள். ஆனால் அது தந்திரம். தன் கைவேலையைத் தானே குலைக்கும்போது அவளுக்கு என்ன இருந்தது என்று ஹோமர் கேட்கவில்லை.

இப்ஸனின் 'பொம்மை வீடு' 1879-ல் வந்தது. அதில் கணவன் ஹெல்மர், வீட்டுக்கு வந்த ஒரு பெண்மணியிடம் பின்னுவதைவிடப் பூத்தையல் போடுவது நல்லது என்று உபதேசம் செய்கிறான். காரணம், தைக்கும்போது கை வீச்சு பார்க்க அழகாக இருக்கிறதாம். பின்னும்போது அவலட்சணமாக இருக்கிறதாம். நாடகத்தில் இது ஒரு சின்ன இடம். ஆனாலும் ஹெல்மரை முழுசாகத் தெரிந்துகொள்ள அது ஒன்றே போதும். நம் பத்திரிகைக் கதாசிரியர் பலர் ஹெல்மரின் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

வர்ஜீனியா வுல்ஃப் வேறு ஜாதி. 1927-ல் வந்த 'கலங்கரை விளக்கத்துக்கு' நாவலில் திருமதி ராம்ஸே ஒரு காலுறை பின்னுகிறாள். விளக்கத்துக் காவலாளியின் மகன், இடுப்பில் க்ஷயம் கண்ட சிறுவன், அவனுக்காக. அளவு பார்க்கத் தன் பிள்ளையின் காலில் வைக்கிறாள். பிள்ளை அசைகிறான். நில்லடா என்கிறாள். உறை குட்டையாக இருக்கிறது. பின்னியவர்களுக்குத்தான் தெரியும் அந்த 'குட்டை'யின் எரிச்சல். அன்று இரவே அவள், இது முடியப்போவதில்லை என்று ஒத்துக்கொண்டுவிடுகிறாள். படிக்கும்போது நமக்கு ஏனோ மனசு கனக்கிறது.

ஆனால் பிரிக்கிற கையை நடுவில் வைத்து எழுதப்பட்ட கதை, எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் ஸூஸன் கிளாஸ்பெல் 1917-ல் வெளியிட்ட சிறுகதை. 'அவளுக்குச் சமமானவர்களின் ஜூரி' என்று தலைப்பைச் சொல்லலாம். அதற்கு முந்தின வருஷம் இதையே 'அற்ப விஷயங்கள்' என்ற ஓரங்க நாடகமாக எழுதினார். அயோவா மாநிலத்தில் பத்திரிகை நிருபராக இருந்தபோது அவரே எழுதி அனுப்பிய ஒரு கொலை வழக்குதான் மூலம். 1900-ம் வருஷம் டிசம்பரில் ஒரு விவசாயி தூக்கத்திலேயே கோடரியால் கொல்லப்பட்டான். மனைவிமேல் குற்றம் சாட்டினார்கள். கதையில் கிளாஸ்பெல் கோடரியை எடுத்துவிட்டுக் கழுத்தில் கயிற்றைப் போட்டார். ஏன் என்பது கடைசி வரியில்தான் தெரியும்.

கதை இதுதான். ரைட் என்ற குடியானவன் இரவில் கயிற்றால் நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான். மனைவி மின்னி சிறையில். போலீஸ் அதிகாரியும் அரசாங்க வக்கீலும் அண்டைப் பண்ணைக்காரரும் வீட்டைச் சோதனை போட வருகிறார்கள். கூடவே இரண்டு பெண்கள்: அதிகாரியின் மனைவி திருமதி பீட்டர்ஸ், பண்ணைக்காரரின் மனைவி திருமதி ஹேல். ஆண்கள் மாடிக்கும் தொழுவத்துக்குமாக அலைகிறார்கள். பெண்கள் சமையலறையிலேயே நிற்கிறார்கள். வழக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மின்னி ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாகத் துணி. மரக்கட்டை வீடு என்று அந்த மாதிரிக்கு அங்கே பெயர். எல்லாத் துண்டுகளிலும் தையல் சீராக, நெருக்கமாக ஓடுகிறது. ஒன்றில் மட்டும் தாறுமாறு. கை நடுங்கியவள் போட்ட தையல். இரண்டு பெண்களும் அதைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு திருமதி ஹேல் ஒரு காரியம் செய்கிறாள். அந்தத் தாறுமாறான தையலைப் பிரிக்கிறாள். ஊசியில் நூலைக் கோத்து, சரியாகத் தைக்க ஆரம்பிக்கிறாள். இதையெல்லாம் தொடலாமா என்று மற்றவள் பயப்படுகிறாள். இந்த ஓரத்தை மட்டும் முடித்துவிடுகிறேன் என்கிற பாவனையில் இவள் தைத்துக்கொண்டே போகிறாள்.

அபாரமான இடம் இது. சட்டப்படி பார்த்தால் தடயத்தை அழிக்கிற குற்றம். கைவேலைக்காரியின் கண்ணில் பார்த்தால், கோணல் தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத பழக்கம். இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது, ஆசிரியரும் சொல்வதில்லை. இதற்குக் கதையின் ஆரம்பத்திலேயே விதை போட்டிருக்கிறார். கூப்பிட ஆள் வந்தபோது திருமதி ஹேல் ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பாதி சலித்தது, பாதி சலிக்காதது. பாதியில் விட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காத விஷயம். இங்கே வந்தால் மின்னியின் மேஜையும் பாதி துடைத்தபடி கிடக்கிறது. பக்கத்துப் பண்ணையில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்பது அவளை அரிக்கிறது. போன வருஷங்களைப் பிரித்துத் தைக்க முடியாது. துணியை முடியும்.

அப்புறம் தையல் பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றிய குருவி அகப்படுகிறது, கழுத்து திருகப்பட்டது. இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி திருமதி ஹேலின் கோட்டுப் பையில் மறைகிறது. அந்த நாளில் அந்த மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆண்கள் மூவரும் கொஞ்சம் அதிகமாகவே முட்டாள்கள். குருவி செத்த விதமும் மனிதன் செத்த விதமும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன. மின்னி அந்தப் போர்வையை நெருக்கமாகத் தைக்க இருந்தாளா, அல்லது அங்கங்கே முடிச்சுப் போட்டு நிறுத்த இருந்தாளா என்று பெண்கள் பேசிக்கொண்டதை ஆண்கள் கேலி செய்கிறார்கள். கடைசி வரியில் அந்த முடிச்சே கயிற்று முடிச்சாகிக் கதை முடிகிறது. கோடரி கயிறானது இதற்காகத்தான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கெட்டிக்காரத்தனம் என்று வெளியே தெரிகிறது.

இருந்தும் அந்தத் தையல் பிரிக்கும் இடம் எல்லாக் குறைகளையும் மன்னிக்க வைக்கிறது. நாடகத்தைவிடக் கதை உயர்ந்தது என்று நான் நினைப்பதற்கும் அதுதான் காரணம். மேடையில் போர்வைத் துண்டைத் தூக்கிக் காட்டலாம். பத்தாவது வரிசையில் இருக்கிறவனுக்குத் தையல் தெரியுமா? கோணல் என்று நடிகை சொன்னால் நம்பிக்கொள்ளவேண்டியதுதான். கதையில் நாம் திருமதி ஹேலின் விரல் நுனியில் இருக்கிறோம். அந்த நூல் இழுபடுவது நமக்கே தெரிகிறது.

கைவேலையை ஆராதிக்கிறவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். கையால் செய்தது என்று சீட்டுக் கட்டி விற்கிறார்கள். சின்னக் கோணல் இருந்தால் அதுவே அழகு, கையால் செய்ததற்கு அடையாளம் என்கிறார்கள். வாங்குகிறவர் சொல்லலாம். செய்தவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவளுக்குக் கோணல் கோணல்தான். அது எந்த நாள், யார் வந்து பேச்சுக் கொடுத்தார்கள், மனசு எங்கே போயிருந்தது என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. துணியில் நம் கண்ணுக்குப் படாத ஒரு நாட்குறிப்பு ஓடுகிறது. மின்னியின் துண்டில் அந்த இரண்டு பெண்களும் படித்தது அதைத்தான். எழுத்தாளனும் அதைத்தான் படிக்கப் பழகவேண்டும்.

ஸ்வெட்டர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிரித்த நூல் உடனே பின்னலுக்கு ஆகாது. கண்ணிகளில் வளைந்திருந்த சுருள் அப்படியே நிற்கும். தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைக்கவேண்டும். இரண்டு நாள் எங்கள் தாழ்வாரத்துக் கொடியில் அது நீலச் சடையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் முதல் கண்ணியிலிருந்து ஆரம்பித்தாள். நானும் மேஜையில் கிடந்த ஓர் அத்தியாயத்தை எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அத்தியாயம். நடுவில் ஓரிடத்தில் கோணல் இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும்.