எத்தனை இலை?

"நாலு நாள் முன்னாடி எண்ணிக்கை சொல்லிடுங்கோ. அப்புறம் கூட்டினா சமாளிச்சுக்கலாம், குறைக்கப்படாது."

சமையல் மாமா போட்ட நிபந்தனை இது ஒன்றுதான். அப்பாவுக்குச் சதாபிஷேகம். மண்டபம் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில். காலையில் டிபன், மத்தியானம் இலைச் சாப்பாடு, கணக்கு இலைக்கு இவ்வளவு என்று. அண்ணா நியூஜெர்சியில், அக்கா பெங்களூரில், உள்ளூரில் இருப்பவன் நான் ஒருவன்தான். "நீதான் எல்லாத்தையும் போன்லயே பண்ணுவியே" என்று அம்மா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். சரி, இரண்டு மாதம் இருக்கிறதே, அழைப்பிதழ்ச் செயலிகளை எல்லாம் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான் வைத்தேன்: நாலு நாள் முன்னால் சமையல் மாமாவிடம் சொல்ல ஓர் எண் கிடைக்குமா?

முதல் தோல்வி நாள் குறிப்பதிலேயே. போன் காலண்டரில் அப்பா பிறந்தநாள் வருடா வருடம் தவறாமல் மணி அடிக்கும், ஆனால் அது ஆங்கிலத் தேதி. வீட்டில் கணக்கு ஆடி மாதத்து சுவாதி. அது ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தேதியில் விழும். பஞ்சாங்கச் செயலிகள் இருக்கின்றன, நட்சத்திரம் சொல்கின்றன. ஆனால் வாக்கியமா திருக்கணிதமா என்று பார்த்து இறக்க வேண்டும். நான் இறக்கிய ஒன்று திருக்கணிதம். எங்கள் வாத்தியார் கையில் வைத்திருப்பது வாக்கியம். திதி முடியும் நேரத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. போனை ஓர் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார்.

பிறந்த நட்சத்திரத்திலிருந்து மாதங்களை எண்ணி, முதலில் தை மாதத்தில்தான் ஒரு நாள் பார்த்தோம். அண்ணாவின் லீவு, மண்டபம், முகூர்த்தம் மூன்றும் கூடி வந்தன. மூவரும் பகிர்ந்துகொண்ட கூகுள் காலண்டரில் பச்சை நிறத்தில் போட்டும் ஆயிற்று. வாத்தியார் ஒரே கேள்வி கேட்டார்: "தைத்தேர் அன்னிக்கு உத்திர வீதியில மண்டபமா?" சித்திரைத் தேர் சித்திரை வீதிகளைச் சுற்றும், தைத்தேர் உத்திர வீதிகளைச் சுற்றும். அன்றைக்கு அந்த வீதியில் கார் நுழையாது, எண்பது வயதுக்காரர்களை எங்கே இறக்கி எப்படி நடக்க விடுவது? காலண்டருக்கு அண்ணாவின் ஊர் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பது தெரிகிறது. தேர் எந்த வீதியில் ஓடும் என்பது தெரியவில்லை. மாசிக்குத் தள்ளினோம்.

அடுத்தது பத்திரிகை. கேன்வாவில் வடிவமைத்தேன். தமிழுக்கு இது முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஹிந்த் மதுரை, கேட்டமரன், முக்தா மலர் போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்கள் வந்தபிறகு தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையும் காலம் போய்விட்டது. "சதாபிஷேகம்", "ஸ்ரீமதே ராமானுஜாய நம:" எல்லாம் கால் கை ஒடியாமல் நின்றன. இரண்டு மணி நேரத்தில் பத்திரிகை தயார்.

தகராறு அச்சகத்தில். காகிதத்தில் ஐம்பதாவது வேண்டும், முதல் பத்திரிகை பெருமாளுக்கு வைக்க வேண்டும், போன் படத்தில் மஞ்சள் தடவ முடியாது. நான் அனுப்பிய வாசகம் அங்கே போய் வெறும் கேள்விக்குறிகளாகக் கொட்டியது. அவர்கள் கணினியில் இன்னும் பழைய பாமினி வகை எழுத்துரு. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அச்சகத்துப் பெண் அலுத்துக்கொள்ளாமல் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்தாள். "சதாபிஷேகம்" "சதாபிசேகம்" ஆகி, திருத்தி, மறுபடி ஆகி, மறுபடி திருத்தி... வடிவமைத்த நேரத்தைவிடப் பிழை திருத்திய நேரம் அதிகம். இனிமேல் செய்பவர்களுக்கு ஒரு யோசனை: வாசகமாக அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, அப்படியே அச்சடியுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பத்திரிகை வாசகத்தைத் தட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. தலைமுறை தலைமுறையாக நம் பத்திரிகைகளில் வரும் வரி: "தங்கள் இஷ்டமித்ர பந்துக்கள் சகிதம் வந்திருந்து". உங்களுக்குப் பிடித்தவர்களை, நண்பர்களை, உறவினர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் என்று எந்த முகத்தோடு கேட்பது? மேல்நாட்டுப் பத்திரிகையின் அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று நாலெழுத்து இருக்கும், தயவுசெய்து பதில் எழுதுங்கள் என்பதற்குப் பிரெஞ்சுச் சுருக்கம். 1998இல் தொடங்கிய ஈவைட் முதல் 2025 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் இன்வைட்ஸ் வரை அத்தனை சேவையும் அந்த நாலெழுத்தின் மேல் கட்டிய மாளிகைதான். நம் பத்திரிகையில் அந்த அஸ்திவாரமே கிடையாது.

ஆனாலும் ஆப்பிள் இன்வைட்ஸை அண்ணா பிடிவாதமாகப் போட்டுப் பார்த்தான். அழைப்பை உருவாக்குபவர் ஐகிளவுட் பிளஸ் சந்தா கட்டியிருக்க வேண்டும். அழைக்கப்படுபவருக்கு ஆப்பிள் கணக்கு வேண்டாம், இணையப் பக்கத்திலேயே பதில் சொல்லலாம். பார்க்க அழகு. அன்றைய வானிலை காட்டும், எல்லோரும் படம் சேர்க்க ஒரு பொது ஆல்பமும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் அம்மாஞ்சி, அத்தங்கா பிள்ளைகள் அரை நாளில் பதில் தந்துவிட்டார்கள். அத்தனையும் "வரவில்லை". பதில் பளிச்சென்று வருவதில் குறையே இல்லை, ஆனால் அவர்களுக்கு நான் இலை போடப் போவதில்லையே.

உள்ளூருக்கும் சென்னைக்கும் கூகுள் ஃபார்ம். காசு கிடையாது, தமிழில் கேட்கலாம், பதில் தானாக ஷீட்டில் வரிசையாக விழும். முதல் கேள்வி, "கலந்துகொள்வீர்களா?" கீழே "ஆம்", "இல்லை", "முயற்சி செய்கிறேன்". அறுபத்திரண்டு வீடுகளுக்கு அனுப்பினேன். பத்து நாளில் முப்பத்தெட்டு பதில். ஆம் இருபத்தொன்று, முயற்சி பதினேழு. இல்லை? பூஜ்யம்.

சுப காரியத்துக்கு வரமாட்டேன் என்று நம்மவர் யாரும் வாயால் சொல்வதில்லை, விரலால் மட்டும் சொல்லிவிடுவார்களா? "பெருமாள் சங்கல்பம் இருந்தா வரோம்" என்பதன் கணினி வடிவம்தான் அந்த "முயற்சி". கேள்வியே தப்பு. அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு வேறு ஒன்று போட்டேன்: "எந்த ரயிலில் வருகிறீர்கள்? ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்ப வசதியாக இருக்கும்."

பதில்கள் அப்படியே மாறிவிட்டன. பல்லவன், நாலு பேர், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்குகிறோம். மலைக்கோட்டை, இரண்டு பேர், அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைக்கவில்லை. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. கடைசி வகைதான் அந்தப் பழைய "முயற்சி". வராதவர்களும் யாரையும் புண்படுத்தாமல் அதில் தங்கிக்கொண்டார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டதால், பத்திரிகை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எனக்குத் தாமதமாகிவிட்டது. அக்கா பெங்களூரிலிருந்து காரில் வர நேர்ந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

வாட்ஸ்அப்பை நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆனால் இரண்டு மூன்று சூட்சுமம் இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அப்பாவோடு பெல்லில் பாய்லர் பார்த்த நண்பர்கள் முப்பது பேர், அவர்களில் ஒருவரிடமும் என் எண் இல்லை. ஒற்றை டிக்கோடு நின்றது. அப்பாவின் போனிலிருந்து அனுப்பியதும் போய்ச் சேர்ந்தது. பிராட்காஸ்ட் இல்லாமல் ஒன்றொன்றாகத் தள்ளலாம் என்றால், 2018லிருந்து இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் கிடையாது.

குழு ஒன்று தொடங்கியது என் புத்திசாலித்தனம். அதற்குள் நிகழ்ச்சி என்று ஒன்றை உருவாக்கினால் நாள், நேரம், இடம் போட்டு, வருகிறேன் வரவில்லை என்று தட்டச் சொல்லலாம். நான் போட்ட நிகழ்ச்சி முதல் நாளிலேயே நாற்பது நமஸ்கார ஸ்டிக்கருக்கும் காலை வணக்கப் பூக்களுக்கும் அடியில் புதைந்தது. அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றினேன். "என்ன, பேசக்கூடக் கூடாதா?" என்று பெரியப்பா போன் செய்தார். திறந்துவிட்டேன்.

லிங்க் விஷயத்தில் ஒரு சித்தப்பாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஃபார்ம் இணைப்பை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் போன் வந்தது: "டேய், இது நீதானா?" கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, அதைத் திறந்தவர்களின் போனையே கைப்பற்றும் மோசடி பற்றி 2024 கடைசியில் போலீசார் எச்சரித்தது அவர் நினைவில் இருந்தது. பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய 1930 எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம். அவர் செய்ததுதான் சரி. அதற்கப்புறம் பத்திரிகையைப் படமாக மட்டும் அனுப்பினேன். ஃபார்ம் வேண்டியவர்களிடம் முதலில் போனில் பேசி, பிறகு இணைப்பு.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது எது என்றால், அப்பாவின் குரல். நாற்பது விநாடி. "ஏதோ பெருமாள் கிருபையில எண்பதைத் தாண்டியாச்சு, எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போங்கோ" என்று ஊஞ்சலில் உட்கார்ந்து பேசிய குரல் செய்தி, பின்னால் சங்கிலி கிறீச்சிடும் சத்தத்தோடு. பத்திரிகைப் படத்துக்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் இதற்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். நேரில் வந்து அழைக்கவில்லையே என்ற புகார் பாதி அதில் அடங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு நானும் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம்.

மொய்க்கு க்யூஆர் கோடு போடலாமா என்று மருமான் கேட்டான். 2021இல் மதுரைக் கல்யாணம் ஒன்றில் பத்திரிகையிலேயே கோடு அச்சிட்டது ஊரெல்லாம் பேச்சானது. அப்பா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இடம் காட்டுவதில் ஓர் எச்சரிக்கை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி உண்டு, மதுரையிலும் உண்டு. ஒரு மன்னி நாங்கள் அறை போட்டிருந்த சித்திரை வீதியை வரைபடச் செயலியில் தட்டிவிட்டு, அம்மா மண்டபம் படித்துறை அருகே காரை நிறுத்தி எனக்குப் போன் செய்தாள்: "இன்னும் ரெண்டரை மணி நேரம்னு காட்டறதே?" வீதிப் பெயரை எழுதி அனுப்பாதீர்கள். மண்டப வாசலில் நின்று பின் போட்டு, அதை அனுப்புங்கள். கூடவே ராஜகோபுரத்திலிருந்து எப்படி வருவது என்று ஒரு வரி. ஆட்டோக்காரருக்கு அதுதான் புரியும்.

நாலு நாள் முன்னால் ஷீட்டைத் திறந்தேன். கூட்டல் 112. சமையல் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எண்ணைக் காதில் வாங்கவே இல்லை. "காவேரிக்கு இந்தப் பக்கம் எத்தனை ஆம்? அந்தப் பக்கம் எத்தனை?" என்றார். அவர் கணக்கு வேறு. ஸ்ரீரங்கம் தீவுக்குள் இருக்கும் வீடு என்றால் பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஆத்துக்கு மூணு இலை. பாலம் தாண்டிய திருச்சி என்றால் ரெண்டு. ரயிலேறி வருகிறவர்கள் டிக்கெட் எண்ணிக்கை அப்படியே. "முயற்சி"க்கு ஒன்றுமில்லை. இந்த நான்கு விதியையும் ஷீட்டில் ஒரு பத்தியாக ஏற்றினேன், ஃபார்முலா எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 163 வந்தது. அவர் வாயால் சொன்னது 165.

விழுந்த இலை 158. திருக்கண்ணமுது கொஞ்சம் மிஞ்சி, சாயங்காலம் மண்டபத்துக்காரர் வீட்டுக்குப் போனது.

ஃபார்மை மூட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஷீட்டில் புதிதாக ஒரு வரி விழுந்திருந்தது. அத்திம்பேர், முதல் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு தரம் சாத்தமுது கேட்டு வாங்கியவர். எந்த ரயில் என்ற கேள்விக்குப் பதில்: "இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை."