கட்டுப்போட்ட கையும் காற்றுத் துப்பாக்கியும்

மெரினாவில் பலூன் சுடும் கடைக்காரர் ஒருவருக்கு இடது கையில் மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணியில் தொங்குகிறது. கடைக்கு விடுமுறை இல்லை. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தொடையில் அண்டக்கொடுத்து, குழாயை வலது கையால் ஒரு தட்டுத் தட்டி மடக்குகிறார். கீழே அழுத்தும்போது தோளோடு உடம்பே சாய்கிறது. ‘க்ளக்’. உள்ளே சுருள்வில் கொக்கியில் மாட்டிவிட்டது. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விரல்களில் தயாராக இருக்கிறது 4.5 மி.மீ. ஈயக் குண்டு. அதை வாங்கிக் குழாய்க்குள் பெருவிரலால் அழுத்துகிறார். இந்த நொடியில்தான் எனக்குப் பயம். கொக்கி நழுவினால் குழாய் படாரென்று மூடும். நல்ல கையின் விரலும் போச்சு.

தோள் நொந்தவருக்குப் பம்ப் அடிக்கும் வகையே தேவலை என்பேன். சுருள்வில் தன் முழு பலத்தையும் ஒரே இழுப்பில் கேட்கும். பம்ப் தவணையில் வாங்கிக்கொள்ளும். 1966-ல் வந்த அமெரிக்காவின் கிராஸ்மன் 760-ஐப் பத்துத் தடவை வரை அடிக்கலாம். முதல் இரண்டு அடி விளையாட்டு. அப்புறம் உள்ளே காற்று இறுக இறுக ஒவ்வொன்றும் கனக்கும். எட்டாவதில் பழைய வலி பெயர் சொல்லிக் கூப்பிடும். காகிதக் குறிக்கு நான்கைந்து போதும். துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, வாயை ஆளில்லாப் பக்கம் திருப்பி, அவசரமில்லாமல் அடிக்கலாம். குண்டு போடுவது கடைசியில்தான்.

கடைக்காரர் துப்பாக்கியை நீட்டினார். சுட்டேன். பலூன் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.